தோளுக்கு ஏற்ற ரைஃபிள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பல தலைமுறைகளாக, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை ஊரே காட்டுக்குப் போகும் நாளாக இருந்தது. மான் வேட்டையின் ரைஃபிள் பருவம் அன்றுதான் தொடங்கும். ஊர்ப்புறப் பள்ளிகள் பலவும் அன்று விடுமுறை விட்டுவிடும். 2019 முதல் தொடக்க நாள் சனிக்கிழமைக்கு மாறியது, பழக்கம் மாறவில்லை. 12 வயதான பிள்ளைகள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறினால் அங்கே உரிமம் பெறலாம். அதனால் அந்த வயதையொட்டி வரும் பிறந்தநாளிலோ கிறிஸ்துமஸிலோ தாத்தா பேத்திக்கும், தந்தை மகனுக்கும் முதல் ரைஃபிளைப் பரிசாகத் தருவது சாதாரணம். திருமணமாகி அந்தக் குடும்பங்களுக்குள் வருகிறவர்களுக்கும் இப்படி ஒரு பரிசு காத்திருக்கும்.

பரிசு வாங்கப் போகிறவர் மனத்தில் முதலில் நிற்பது மான்தான். மானை வீழ்த்த எவ்வளவு பலமான துப்பாக்கி வேண்டும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று பெரியதாக ஒன்றை வாங்கிவிடுகிறார். மானின் உடம்பு கேட்கும் பலம் மிகக் குறைவு, இன்று கடையில் உள்ள எந்த மான் ரைஃபிளும் அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும் என்பதை இயற்பியல் தெளிவாகவே சொல்கிறது. குறி தப்புமா, மான் சட்டென்று சாகுமா, குடல் கிழிந்து ஒரு பகல் முழுக்கத் துடிக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது சுடுகிறவரின் தோளும் கண்ணும் நரம்பும். அளவெடுக்க வேண்டியது பரிசு பெறுகிறவரைத்தான்.

மானைச் சுடுவதற்குப் பரிசா என்ற நெருடல் நம் வாசகருக்கு எழுவது இயல்பு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இன்று புள்ளிமானையோ கடமானையோ கொல்வது சிறைக்குரிய குற்றம். அமெரிக்காவின் கதை வேறு பாதையில் போனது. இறைச்சிக்கும் தோலுக்குமாகச் சந்தைக்குச் சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் அந்த நாடு முழுவதிலும் வெண்வால் மான்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவாகச் சுருங்கிப்போயின. அந்த ஆண்டு வந்த லேசி சட்டமும் மாநிலங்களின் கட்டுப்பாடுகளும் மானை மீட்டன. ஆனால் கிழக்குப் பகுதியில் ஓநாயும் மலைச்சிங்கமும் திரும்பவில்லை. இன்று வெண்வால் மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி. மான் கூட்டம் பெருத்த காட்டில் இளஞ்செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. முதிய மரம் விழுந்தால் அந்த இடத்தில் எழ வேறு மரம் இல்லை. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மான்மீது மோதுகின்றன. இல்லாத வேட்டை விலங்கின் வேலையை மனிதர் செய்ய வேண்டியிருக்கிறது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு நீள் துப்பாக்கியின் மீதும் தோட்டாவின் மீதும் 11 சதவீத வரி போட்டு, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிடுகிறது. பரிசாகப் போகும் ரைஃபிளின் விலைக்குள் அந்தப் பங்கும் இருக்கிறது.

சரி, குண்டு மானை எப்படிக் கொல்கிறது? திரைப்படங்களில் குண்டு பட்டவர் பின்னால் தூக்கி வீசப்படுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நடக்கவே முடியாது. பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து கிளம்பும் குண்டின் எடை 9.7 கிராம், வேகம் நொடிக்கு 860 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் சுமார் 8.3 அலகு. 60 கிலோ எடையுள்ள மானுக்குள் அந்தக் குண்டு புகுந்து அங்கேயே நின்றுவிட்டாலும், மான் நொடிக்கு 14 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். அது ஒரு தள்ளலாகக்கூட இராது. வேட்டைக்காரர்கள் பெருமையாகப் பேசும் ‘அடித்து வீழ்த்தும் சக்தி’ என்ற ஒன்று இயற்பியலில் இல்லை.

குண்டு செய்வது திசுவைக் கிழிப்பது. விலா எலும்புகளுக்குப் பின்னால், முன்னங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு நுரையீரல்களும் இதயமும் பெருங்குழாய்களும் கூடியிருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அதற்குள் குண்டு புகுந்து, முனை மலர்ந்து, நுரையீரலைக் கிழித்து வெளியேறினால் ரத்த அழுத்தம் சில நொடிகளில் சரிந்து மூளைக்கு ஆக்சிஜன் நிற்கும். மான் ஐம்பது, அறுபது மீட்டர் ஓடி விழும். வட்டத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பட்டால் அது இரைப்பை. எவ்வளவு பெரிய குண்டாக இருந்தாலும் அங்கே பட்ட மான் உடனே சாகாது. மணிக்கணக்கில் துன்பப்படும், பல நேரம் கண்டுபிடிக்கவும் முடியாமல் போகும்.

தென் கரோலினா மாநிலத்தின் இயற்கை வளத் துறை, ஒரு வேட்டைக் குழுவினர் வீழ்த்திய 493 மான்களின் பதிவுகளை ஆராய்ந்தது. சராசரித் தூரம் 132 கெஜம், அதாவது 120 மீட்டர். .243 முதல் .30 அங்குலம் வரை பல குழல் விட்டங்கள் கொண்ட ரைஃபிள்கள் அதில் இருந்தன. எந்த விட்டத்தில் சுட்டார்கள் என்பதால் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. குண்டு உடம்பில் எங்கே பட்டது என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்கியது.

மானுக்கு .243 போதும் என்றால் .308 எதற்கு, அதையும் தாண்டிய மேக்னம் எதற்கு என்று கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். அந்தக் கூடுதல் சக்தியின் விலையைக் கொடுப்பது சுடுகிறவரின் தோள்.

பள்ளிப் பாடத்தில் படித்த உந்த அழிவின்மை விதிதான் இங்கே வேலை செய்கிறது. குண்டு முன்னால் போனால் ரைஃபிள் பின்னால் வர வேண்டும். பாடப்புத்தகக் கணக்கில் குண்டை மட்டும்தான் சேர்ப்போம். உண்மையில் எரிந்த வெடிமருந்தும் வாயுவாக மாறி, குண்டைவிட வேகமாக, நொடிக்கு 1,300 மீட்டர் அளவில் குழலின் வாயிலிருந்து பாய்கிறது. .308-ல் மருந்து சுமார் 2.9 கிராம். அதன் பங்கு 3.8, குண்டின் பங்கு 8.3. மொத்தம் 12-க்குச் சற்று மேல். மானுக்குக் கிடைக்கும் உந்தத்தைவிடச் சுட்டவரின் தோளுக்குக் கிடைப்பது அதிகம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தொலைநோக்கியோடு சேர்த்து 3.4 கிலோ எடையுள்ள ரைஃபிள் என்று வைத்துக்கொண்டு, வெவ்வேறு தோட்டாக்களின் பின்னுதை ஆற்றலைக் கணக்கிட்டால் இப்படி வருகிறது. .243 வின்செஸ்டர் ஏறத்தாழ 12 ஜூல். 6.5 கிரீட்மூரும் 7 மி.மீ.-08 ரெமிங்டனும் 18-ஐ ஒட்டி நிற்கின்றன. .308-க்கு 21. பழம்பெரும் .30-06-ல் கனமான குண்டைப் போட்டால் 30. .300 வின்செஸ்டர் மேக்னம் 40-ஐத் தொடுகிறது. 20 ஜூல் என்பது 2 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் விழுவதற்குச் சமம். 40 ஜூல் என்றால் என்னவென்று 12 வயதுப் பிள்ளையின் தோளை நினைத்துப் பார்த்தால் புரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பரிசு வாங்குகிறவர்கள் அதில்தான் அதிகம் விழுகிறார்கள். சின்னப் பிள்ளைதானே, மெல்லிய பெண்தானே என்று மிக லேசான ரைஃபிளாகத் தேடி வாங்குகிறார்கள். உந்தம் மாறாமல் எடை குறைந்தால் பின்னுதை ஆற்றல் எடைக்கு எதிர்விகிதத்தில் ஏறும். அதே .308-ஐ 2.5 கிலோ ரைஃபிளில் போட்டால் 21 ஜூல் 29 ஆகிவிடும். கையில் இறகாக இருப்பது தோளில் .30-06 ஆகிறது. லேசான ரைஃபிள், மலைமேல் நாள் முழுக்கத் தூக்கி நடக்கிற, சுட்டுப் பழகிய ஆளுக்கு. புதியவருக்கு வேண்டியது சற்றுக் கனமான உடலும் மென்மையான தோட்டாவும்.

உதை வலிக்கும் என்பது பெரிய விஷயமில்லை என்று சிலர் சொல்வார்கள். வலி முக்கியமே இல்லாவிட்டாலும் குறி முக்கியம். மிக நுட்பமான ஒரு நிகழ்வு இங்கே நடக்கிறது. மருந்து பற்றி எரியத் தொடங்கியதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேற ஓரிரு மில்லிநொடிகள்தான் ஆகின்றன. அந்த நேரத்துக்குள் ரைஃபிள் பின்னால் நகர்வது 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதர் ஓர் அதிர்ச்சியை உணர்ந்து வேண்டுமென்றே தசையை அசைக்க ஏறத்தாழ 150 மில்லிநொடிகளாவது வேண்டும். 100 மீட்டரில் நிற்கும் மானைக் குண்டு 120 மில்லிநொடிகளில் அடைந்துவிடுகிறது. ஆக, நாம் உதையை உணர்ந்து துள்ளும்போது எல்லாம் முடிந்திருக்கும். உதையால் குறி தப்புவதில்லை.

தப்புவது அடுத்த முறை. இரண்டு மூன்று முறை உதை வாங்கிய உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. விரல் விசையை அழுத்தத் தொடங்கியதுமே கண் மூடுகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது, கழுத்து இறுகுகிறது. இது வெடிப்புக்கு முன்னால் நடக்கிறது என்பதால் குழல் நகர்ந்த பிறகுதான் குண்டு கிளம்புகிறது. ரைஃபிளின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் விலகும். அந்த 20 சென்டிமீட்டர் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போக அந்த ஒரு மில்லிமீட்டர் போதும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் இரைப்பை. மானின் துன்பம் சுட்டவரின் அச்சத்தில் தொடங்குகிறது. அந்த அச்சத்தை அவருக்குள் போட்டது, பெரியதாக இருக்கட்டும் என்று அன்போடு வாங்கித் தந்த பரிசு.

பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை நடுவே கலந்து, எது எப்போது வரும் என்று சொல்லாமல் ஏற்றிக் கொடுப்பார்கள். விசையை இழுத்ததும் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வரும். வெடிப்பே இல்லாதபோதும் குழல் முனை துள்ளினால் உடம்பு உதைக்கு அஞ்சிக்கிடக்கிறது என்று பொருள். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிக்க மாதங்கள் பிடிக்கும். அதனால்தான் புதியவரை .22 ரிம்ஃபயர் ரைஃபிளில் தொடங்கச் சொல்கிறார்கள். அதில் உதை ஏறக்குறைய இல்லை, தோட்டாவும் மலிவு.

அச்சத்தில் பாதி ஓசையால் வருவது. வேட்டை ரைஃபிளின் வெடியோசை காதருகே 160 டெசிபெல் அளவில் இருக்கும். திடீர் ஓசைக்கு 140 டெசிபெல்லே காதின் உள்மயிரணுக்களுக்கு ஆபத்தான எல்லை, அழிந்த அணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே பரிசுப் பொட்டலத்தில் காதுக்கவசம் இல்லையென்றால் பரிசு அரைகுறை. உதையைக் குறைக்கக் குழல்முனையில் பொருத்தும் பிரேக் என்ற துளைகள் உள்ள கருவியைக் கடைக்காரர் காட்டுவார். அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையை நன்றாகவே குறைக்கும். கூடவே ஓசையைச் சுட்டவர் பக்கமும் அருகில் நிற்பவர் பக்கமும் திருப்பிவிடும். புதியவருக்கு அது வேண்டாம். ரைஃபிளின் பின்முனையில் ஒட்டும் நல்ல ரப்பர் திண்டு போதும். 20 ஜூல் ஆற்றலோடு வரும் ரைஃபிள் 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை 1,000 நியூட்டன். 4 சென்டிமீட்டரில் நின்றால் 500. ஆற்றல் அதேதான், தோளுக்குத் தெரிவது பாதி.

அடுத்தது அளவு. சட்டை வாங்கினால் அளவு பார்க்கிற நாம் ரைஃபிளுக்குப் பார்ப்பதில்லை. விசையிலிருந்து பின்கட்டையின் கடைசி வரை உள்ள நீளம், பெரியவர்களுக்கென்று ஆலையில் செய்தவற்றில் 34 முதல் 35 சென்டிமீட்டர் இருக்கும். 12 வயதுப் பிள்ளைக்கும், சிறிய உடல்வாகு கொண்ட பெண்களுக்கும் 31, 32 பொருந்தலாம். நீளம் கூடினால் பிடிப்பவர் பின்னால் சாய்ந்து நிற்பார். கழுத்தை முன்னால் நீட்டுவார். கட்டையைத் தோள் குழியில் வைக்காமல் கை மூட்டின் மேல் வைப்பார். உதை எலும்பில் விழும். நீளம் குறைந்தாலோ தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தை நெருங்கும். வேட்டைத் தொலைநோக்கிகள் கண்ணிலிருந்து ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி செய்யப்பட்டவை. அந்த இடைவெளி குறைந்தால் புருவத்தில் பிறை வடிவில் வெட்டுக்காயம்.

நவம்பர் குளிரில் போடும் தடித்த மேலங்கியே இரண்டு மூன்று சென்டிமீட்டரை விழுங்கிவிடும். ஆகவே அளவு பார்க்கும்போது அந்த அங்கியைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். பிள்ளை வளரும் என்பதற்காகப் பெரியதாக வாங்கத் தேவையில்லை. பின்கட்டையில் சிறு தகடுகளைச் சேர்த்து நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வசதியுள்ள ரைஃபிள்கள் இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. இளையவருக்கான பரிசு என்றால் என் தேர்வு சந்தேகமில்லாமல் அந்த வகைதான்.

கண்ணையும் பார்க்க வேண்டும். நம் இரு கண்களில் ஒன்று மூளைக்கு முதன்மையானது. கைகளை நீட்டி இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துளை செய்து, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே முதன்மைக் கண். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது இடக்கண். வலக்கைக்காரர்களிலும் அப்படி நிறையப் பேர் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் இடத்தோளிலிருந்தே பழக்குவது நல்லது. அதற்கு இடப்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ரைஃபிள் வேண்டும், பரிசை வாங்கிவிட்டுப் பிறகு கண்ணைச் சோதித்தால் பயனில்லை.

தொலைநோக்கியில் உருப்பெருக்கம் கூடக்கூட நல்லது என்ற நம்பிக்கையும் தவறு. மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். பென்சில்வேனியாவில் மானைச் சுட அனுமதிக்கப்பட்ட நேரமே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை. முன் கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியில் 6 மடங்கு வைத்தால் 6.7 மில்லிமீட்டர், இருட்டில் விரிந்த இளம் கண்பாவையை அது ஏறக்குறைய நிரப்பும். 9 மடங்கு வைத்தால் 4.4 மில்லிமீட்டர்தான், காட்சி மங்கும். பென்சில்வேனியாவின் மரக்காடுகளில் 100 மீட்டருக்கு மேல் பார்வை போவதே அரிது. 3 முதல் 9 மடங்கு வரை மாற்றக்கூடிய எளிய தொலைநோக்கி அங்கே எல்லாவற்றுக்கும் போதும்.

தோட்டா வகையைப் பற்றி வேட்டைக்காரர்கள் இரவு முழுக்க வாதிடுவார்கள். நான் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1955-ல் வந்த .243, இளையோருக்கு மிக மென்மையான தேர்வு. கொலராடோ மாநிலம் மான் ரைஃபிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு .24; ஆற்றல் 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,350 ஜூல். .243 அந்த இடத்தில் 2,000 ஜூலுக்கு மேல் வைத்திருக்கிறது. கொஞ்சம் கூடுதல் வேண்டுமென்றால் 1980-ன் 7 மி.மீ.-08, அல்லது 2007-ன் 6.5 கிரீட்மூர். தாத்தா காலத்து லீவர் ரைஃபிளில் ஆசை என்றால் 1895-ன் .30-30, அடர்ந்த காட்டுக்கு இன்றும் குறைவில்லாதது. வளர்ந்த, பழகிய ஆளுக்கு .308-உம் .30-06-உம். மானுக்கு மேக்னம் தேவையே இல்லை.

ஆனால் மாநிலத்தின் விதியைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. வானை நோக்கிச் சாய்வாகப் போன .30-06 குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மலையும் மரமும் தடுக்காத சமவெளிகளில் இது ஆபத்து. அதனால் ஓஹையோ போன்ற மாநிலங்களில், கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு மட்டுமே ரைஃபிளில் அனுமதி. அவை மெதுவானவை, விரைவில் தரையில் விழுந்துவிடும். 2019-ல் வந்த .350 லெஜண்ட் இந்தத் தேவைக்காகவே பிறந்தது. பென்சில்வேனியாவிலோ மான் வேட்டையில் அரைத் தானியங்கி வகை ரைஃபிள்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகைதான் எப்படியும் புதியவருக்குச் சிறந்தது. தாழ்ப்பாளைத் திறந்து வைத்தால் துப்பாக்கி வெறுமையாக இருப்பது எதிரில் நிற்பவருக்கும் தெரியும்.

ரைஃபிளை விடவும் நான் அதிகம் கவலைப்படுவது குண்டு எந்த உலோகம் என்பதைப் பற்றி. வழக்கமான வேட்டைக் குண்டு ஈயத்தாலானது, மேலே செம்பு உறை. ஈயம் மென்மையானது, எலும்பிலோ சதையிலோ நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் மோதும்போது மலர்வதோடு நிற்காமல் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறுகிறது. எக்ஸ்-கதிர்ப் படங்களில் அவை காயத்தைச் சுற்றி ஒரு சாண் தூரம் வரை பனித்தூவலாகத் தெரியும். பல துணுக்குகள் பல்லில் படாத அளவு சிறியவை. 2008-ல் வட டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குக் கொடையாக வந்த மானிறைச்சியில் ஈயத்துணுக்குகள் இருப்பது தெரிந்து, இறைச்சியை அப்புறப்படுத்தினார்கள். அதையொட்டி அந்த மாநிலத்தில் 738 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. வேட்டை இறைச்சி உண்டவர்களின் ஈய அளவு மற்றவர்களைவிட டெசிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தது. பெரிய எண் அல்ல. ஆனால் குழந்தைகளின் மூளைக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று எதுவும் இதுவரை அறியப்படவில்லை, அந்த மானிறைச்சியை உண்ணப்போவது பரிசு பெற்ற பிள்ளையும் அதன் தம்பி தங்கைகளும்தான்.

காட்டில் விட்டுவரும் குடலும் ஈரலும் வேறு சிலருக்கு உணவாகின்றன. கலிஃபோர்னியா காண்டர் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் 1987-ல் உலகிலேயே 27 மட்டும் எஞ்சி, எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வளர்க்க வேண்டி வந்தது. மீண்டும் காட்டில் விடப்பட்ட பறவைகளை அதிகம் கொல்வது, சுடப்பட்ட விலங்குகளின் மிச்சத்தில் உள்ள ஈயம். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளை முழுமையாகத் தடை செய்தது. நாட்டின் பிற பகுதிகளிலும் நிலைமை தேறவில்லை. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியானது. வெண்டலைக் கழுகுகளிலும் பொன்னிறக் கழுகுகளிலும் கிட்டத்தட்டப் பாதிக்கு எலும்பில் நாட்பட்ட ஈய நஞ்சு இருந்தது.

மாற்று இருக்கிறது. முழுக்கச் செம்பாலான குண்டு 1980-களின் இறுதியிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. முனையில் குழிவு வைத்துச் செய்த அந்தக் குண்டு, மோதியதும் இதழ்களாக மலர்ந்து, எடையில் பெரும்பகுதியை இழக்காமல் ஊடுருவிப் போகும். விலை கூடுதல். அதோடு இயற்பியல் ஒரு நிபந்தனை வைக்கிறது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-ஐ ஒட்டியது. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமென்றால் செம்புக் குண்டு நீளமாக இருக்க வேண்டும். நீளமான குண்டு பறக்கும்போது தலைகுப்புறக் கவிழ முயலும். அதைத் தடுக்கத்தான் குழலின் உட்சுவரில் சுருள்பள்ளங்கள் வெட்டி குண்டைச் சுழல விடுகிறார்கள். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய குழலிலிருந்து நொடிக்கு 860 மீட்டரில் கிளம்பும் குண்டு, நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறை சுழல்கிறது. இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-ல் ஒரு சூத்திரம் தந்தார். குண்டு நீளமாக ஆக, ஒரு சுற்றுக்கான தூரம் குறைய வேண்டும் என்பது அதன் சாரம். பழைய .243 ரைஃபிள்கள் பலவும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான சுருள் கொண்டவை. அவற்றில் 100 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டுக்குப் பதிலாக 80 அல்லது 85 கிரெயின் செம்புக் குண்டே நிலையாகப் பறக்கும். 6.5 கிரீட்மூர் குழல்கள் பொதுவாக 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் இந்தத் தொல்லை குறைவு. வாங்கும் முன் குழலின் சுருள் அளவைக் கேட்க இதுவே காரணம். பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற பல எண்களைவிட அது முக்கியம்.

பரிசு என்பதற்குச் சட்டத்திலும் ஓர் இலக்கணம் உண்டு. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குகிறவர், 4473 என்ற எண்ணுள்ள மத்திய அரசுப் படிவத்தில் தானே உண்மையான வாங்குநர் என்று கையெழுத்திட வேண்டும். தன் பணத்தில் வாங்கி, எதுவும் திரும்பப் பெறாமல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடுக்காத ஒருவருக்குக் கொடுத்தால் அது பரிசு. வாங்கியவரே உண்மையான வாங்குநர். பெறுகிறவர் பணம் கொடுத்திருந்தால் கதை வேறு. வர்ஜீனியாவின் முன்னாள் காவலர் புரூஸ் அப்ராம்ஸ்கி, பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவிடம் 400 டாலர் காசோலை பெற்றுக்கொண்டு அவருக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள். இருந்தும் அது குற்றம் என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2022-ன் சட்டம், துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ள ஒருவருக்காகத் தெரிந்தே வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. வேறு மாநிலத்தில் வசிக்கும் மருமகளுக்கோ பேரனுக்கோ நேரடியாகக் கையில் கொடுத்துவிடவும் முடியாது. உரிமம் பெற்ற ஒரு கடை வழியாகக் கொடுத்து, அங்கே அவருடைய பின்னணிச் சோதனை முடிந்த பிறகே அவர் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் பார்க்கும்போது, வண்ணத்தாள் சுற்றித் திடீரென்று நீட்டுவதற்கு ஏற்ற பொருள் அல்ல இது. பெறுகிறவரைக் கடைக்கு அழைத்துப்போய், குளிர் அங்கியோடு மூன்று நான்கு ரைஃபிள்களைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் கண் தானாகத் தொலைநோக்கியின் நடுவில் போய் நிற்கிற ஒன்றை வாங்குவதே மேல். கையில் உள்ள பணம் முழுவதையும் ரைஃபிளிலேயே கொட்டிவிடவும் கூடாது. 500, 600 டாலர் விலையில் கிடைக்கும் ரைஃபிள்களே இன்று 100 மீட்டரில் 3 சென்டிமீட்டருக்குள் குண்டுகளைச் சேர்க்கின்றன; மானின் வட்டத்துக்கு அது தேவைக்கும் அதிகம். மிச்சப் பணத்தில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி முதலில் வர வேண்டும், வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். பிறகு காதுக்கவசம். பிறகு, மான் கண்ணுக்கு மங்கலாகவும் மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்றும் தெரியும் ஆரஞ்சு மேற்சட்டை. மானின் விழித்திரையில் சிவப்பு அலைநீளத்துக்கான கூம்பணுக்கள் இல்லை. எஞ்சியதற்கெல்லாம் காட்டுக்குக் கொண்டுபோகப்போகிற அதே வகைத் தோட்டாவை வாங்கி, அக்டோபருக்குள் சுடுகளத்தில் சுட்டுத் தீர்க்கச் சொல்லலாம். பணம் போதவில்லையென்றால் தொலைநோக்கியில் குறைத்துக்கொள்ளுங்கள், தோட்டாவில் குறைக்காதீர்கள்.